தராசுத் தட்டில் ஏறி நின்ற வணிகர்

பாடல் பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரம் விளங்கும் மாதோட்டம் பக்தர்களின் ஊராக மட்டும் இருந்ததில்லை. அது பெரும் வணிகத் துறையாகவும் விளங்கியது. ஞானசம்பந்தப் பெருமானும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் இத்தலத்தைப் பாடிய காலத்தில் கீழைக் கடலிலும் மேலைக் கடலிலும் ஓடிய மரக்கலங்கள் இங்கு வந்து தங்கின. 1980களின் முற்பகுதியில் மாந்தையில் நடைபெற்ற அகழ்வாய்வில் சீனத்து மட்பாண்ட ஓடுகளும் பாரசீக நாட்டு ஓடுகளும் ஒரே மண்ணில் கிடைத்தன. இரு திசை வணிகரும் சந்தித்த இடத்தில்தான் கேதீச்சரத்து நாதனின் கோயிலும் இருந்தது. ஆகவே இந்த ஊரில் வியாபாரத்தையும் வழிபாட்டையும் வெவ்வேறாகப் பிரித்து வைத்துப் பேசுவது பழைய வழக்கமன்று.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி சோழர் ஆட்சிக்கு உட்பட்டது. மாதோட்டம் இராசராசபுரம் என்ற பெயரையும் பெற்றது. தாழிகுமரன் என்னும் சோழநாட்டவர் இங்கே இராசராச ஈச்சரம் என்றொரு கோயிலை எடுப்பித்த செய்தியைக் கூறும் கல்வெட்டு பலரும் அறிந்ததே. அதே காலப் பகுதியைச் சேர்ந்த மற்றொரு கல்வெட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இவ்வூர்க் கோயிலொன்றில் திருவிளக்கு முதலிய பணிகள் நடப்பதற்காகக் கொடுக்கப்பட்ட காசைக் கோயில் பெட்டகத்தில் வைத்துப் பூட்டவில்லை என்று அது கூறுகிறது. ஊரில் வியாபாரம் செய்துவந்த சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் ஆகியோரிடமே அக்காசு ஒப்படைக்கப்பட்டது. சங்கரபாடியார் என்போர் எண்ணெய் வாணிபர்.

இந்த ஏற்பாடு நடந்த விதத்தைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. கொடுத்த காசு முதல். அந்த முதலை வணிகர் தம் தொழிலில் இட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் முதல் குறையக்கூடாது. அதற்குரிய வட்டியை, அக்காலச் சொல்லில் பொலிசையை, கோயில் பணிக்குக் கொடுத்துவர வேண்டும். கொடுத்தவர் இறந்த பின்னரும், வாங்கியவர் இறந்த பின்னரும் அது நிற்காது. சூரிய சந்திரர் உள்ளவரை என்று எழுதுவதே இத்தகைய சாசனங்களின் வழக்கம். இன்றைய வங்கியில் நிலையான வைப்பு இடுவது போன்றதே இது என்று சிலர் சொல்லுவர். அதில் ஒரு வேறுபாடு உண்டு. வங்கி தவறினால் கேட்பதற்குச் சட்டமும் மத்திய வங்கியும் உள்ளன. எண்ணெய் வாணிபர் தவறினால் அன்று மாலையே விளக்கு எரியாது. வழிபட வந்த ஊரார் இருட்டில் நின்று, யாருடைய பொறுப்பு இது என்பதைக் கேளாமலே அறிந்துகொள்வர். கணக்கை மூடி மறைக்க இயலாத ஏற்பாடு அது. சோழ அதிகாரிகள் கெட்டிக்காரர்கள்.

வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் நிறைவுக் குறளை வணிகருக்கென்றே ஒதுக்கியதும் இங்கு நினைக்கத்தக்கது. அரசனுக்கும் நீதிபதிக்கும் உரியதாக நாம் எண்ணும் நடுவு நிலைமையைத் தராசு பிடிப்பவனிடமும் அவர் எதிர்பார்க்கிறார். பிறர் பொருளையும் தன் பொருளைப் போலவே பேண வேண்டும் என்பது அதன் கருத்து.

சைவ அடியார் வரலாற்றில் இதனை முற்றாகச் செய்து காட்டியவர் அமர்நீதி நாயனார். சோழநாட்டுப் பழையாறையில் பிறந்த வணிகர். பொன்னும் மணியும் பட்டும் துகிலும் பல நாடுகளிலிருந்து தருவித்து விற்றவர். அடியார்களுக்கு அமுதளித்துக் கோவணமும் கீளும் கொடுப்பதைத் தம் தொண்டாகக் கொண்டவர். திருநல்லூரில் மடம் அமைத்துத் தங்கியிருந்த காலத்தில் இறைவன் ஒரு பிரமசாரியாக வருகிறார். கையில் ஒரு தண்டு. அதில் இரண்டு கோவணங்களும் திருநீற்றுப் பையும். ஒரு கோவணத்தை எடுத்து அமர்நீதியாரிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திரும், நீராடி வந்து வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிப் போகிறார். திரும்பி வந்து கேட்கும்போது வைத்த இடத்தில் கோவணம் இல்லை.

இந்த இடத்தில்தான் இக்காலத்து வியாபாரி நின்று கவனிக்க வேண்டும். அமர்நீதியார் என்ன சொல்லியிருக்கலாம்? மடத்தில் எத்தனையோ பேர் வந்து போகிறார்கள், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். வேலையாட்களின் கவனக்குறைவு என்று சொல்லியிருக்கலாம். ஒரு கோவணத்தின் விலை எவ்வளவு, அதற்கு இவ்வளவு சத்தமா என்றும் கேட்டிருக்கலாம். இன்று கடைகளில் நாளாந்தம் கேட்கும் பேச்சுகள்தான் இவை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேடினார், கிடைக்கவில்லை, வேறொரு நல்ல கோவணத்தைக் கொண்டுவந்து பிழை பொறுக்கும்படி வேண்டினார். வந்தவர் விடவில்லை. தண்டில் கட்டியிருந்த மற்றக் கோவணத்துக்குச் சரியான எடையுள்ள கோவணம் தந்தால் போதும் என்றார். தராசு வந்தது. அடியார்க்கென வைத்திருந்த கோவணங்கள் யாவும் தட்டில் ஏறின, தட்டு எழவில்லை. பட்டு ஏறியது, பொன் ஏறியது, கடைப்பொருள் அனைத்தும் ஏறின. அப்பொழுதும் அந்த ஒற்றைக் கோவணம் இருந்த தட்டே தாழ்ந்து நின்றது. இறுதியில் நாயனார் தாமும் மனைவியாரும் மைந்தனும் திருவைந்தெழுத்தை ஓதித் தட்டில் ஏறினர். தராசு நேராக நின்றது.

கதைப்பிரசங்கங்களில் இதனைப் பக்தியின் எடையாகவே சொல்லி முடித்துவிடுவர். அது சரியே. ஆனால் இது ஒரு வணிகரின் கதை என்பதும், அவர் ஏறி நின்றது தம்முடைய கடைத் தராசின் வகையான ஒன்றில் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. கையேற்ற பொருளுக்கு ஈடாகத் தம்மிடம் இருந்த சரக்கு போதவில்லை என்று கண்டபோது அவர் தம்மையே ஈடாக வைத்தார். அந்தப் பொறுப்பைச் சுமக்க வேறு ஆளை அவர் தேடவில்லை.

திருவொற்றியூர்க் கலிய நாயனாரையும் இதனோடு சேர்த்து நினைக்கலாம். அவர் எண்ணெய் வாணிபர் மரபினர். சக்கரப்பாடி என்னும் தெருவில் வாழ்ந்தவர். செல்வம் இருந்தபோது கோயிலில் இரவும் பகலும் விளக்கிட்டார். செல்வம் போனபின் பிறரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி பெற்று விளக்கிட்டார். அதுவும் நின்றபோது செக்காடும் கூலியாளாக வேலை செய்தார். பின் வீட்டையும் விற்றார். மனைவியாரை விற்க முயன்றார் என்று புராணம் கூறுவது இக்காலத்தவர் ஏற்கத்தக்கதன்று; அதனை அக்காலக் கதையாகவே விட்டுவிடலாம். ஆனால் முதலாளியாக இருந்தவர் அதே தொழிலில் கூலியாளாகச் செக்கைச் சுற்றி நடந்தாரே, அந்த நடையை மறக்க இயலாது. வியாபாரம் நொடித்தது, இனி என் பொறுப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. மாதோட்டத்துச் சங்கரபாடியார் சாசனத்தில் ஏற்றுக்கொண்டதும் இதே பொறுப்பைத்தான்.

இனி, இந்தக் கடலுக்கு வரலாம்.

மன்னார் வளைகுடாவின் முத்து உலகப் புகழ் பெற்றது. அரிப்புக்கு அப்பாலுள்ள கடலில் முத்துச்சிப்பி விளையும் இடங்களைப் பார் என்பர். சிப்பி முற்றிய ஆண்டுகளில் மட்டும் முத்துக்குளிப்பு நடக்கும். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் சுழியோடிகள் வந்து சேருவர். மறிச்சுக்கட்டியில் சில வாரங்களுக்குள் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரம் எழும், முடிந்ததும் மறையும். பிரித்தானியர் காலத்தில் கரைக்கு வந்த சிப்பிகளை எண்ணி மூன்றாகப் பிரித்து ஒரு பங்கைச் சுழியோடிகளுக்குக் கொடுத்து, இரு பங்கை அரசாங்கம் எடுத்து ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்றது. இந்த வருமானத்தின் பெருமையை, முதல் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் சிதைந்த சுவர்கள் இன்றும் கடற்கரையில் நின்று சொல்கின்றன.

இத்தொழிலில் எல்லோரும் யோக்கியர்களாக இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். கரைக்கு வரும் வழியில் வள்ளத்திலேயே சிப்பியைத் திறந்து நல்முத்தை ஒளிப்பது வழக்கமாகவே இருந்தது. அதைத் தடுக்கக் காவலாளரை ஏற்றுவார்கள். காவலாளரையும் விலைக்கு வாங்குவார்கள். சிறு களவு என்றும் இருந்தது. ஆனால் பெருங்கேடு வந்த வழி வேறு.

1891க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பார்கள் பயன் தரவில்லை. காரணம் அறிவதற்காக லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902 இல் அழைத்து வரப்பட்டார். 1903 இல் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1905 இல் என்றுமில்லாத அளவில் 8 கோடி வரையான சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசாங்கத்துக்குக் கிடைத்த தொகை சுமார் 25 இலட்சம் ரூபா. அக்காலத்து ஒரு ரூபாவின் பெறுமதியை வைத்து இதனை மதிப்பிட வேண்டும். இந்த மகிழ்ச்சியின் உச்சத்தில் அரசாங்கம் முத்துப்பார்களை 1906 தொடக்கம் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா வீதம், இலண்டனில் அமைக்கப்பட்ட ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்பது அதன் பெயர். அதன் பங்காளர்களுள் எத்தனை பேர் ஒரு முறையேனும் மறிச்சுக்கட்டி மணலில் கால் வைத்திருப்பர்?

1906 இலும் 1907 இலும் கம்பனி சிப்பி எடுத்தது. அதன் பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பனி கலைக்கப்பட்டது. இதில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். முத்துப்பார் அழிவது மனிதனால் மட்டும் அன்று. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடும். திருக்கை மீன்கள் கூட்டமாக வந்து தின்றுவிடும். முன்னரும் பல தடவை பார்கள் வெறுமையாகி மீண்டும் விளைந்துள்ளன. ஆகவே எல்லாப் பழியையும் கம்பனி மேல் போடுவது முறையாகாது. கேட்கத்தக்க கேள்வி வேறொன்று. அடுத்த தலைமுறைக்கு எவ்வளவை விட்டுவைப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? குத்தகைக் காசை வாங்கிவிட்ட அரசாங்கம், இனி அது கம்பனியின் காரியம் என்றது. கம்பனிக்கோ, குத்தகைக் காசுக்கு மேல் எடுத்தால்தான் இலாபம். பங்காளருக்கு அது பத்திரிகையில் பார்க்கும் ஒரு விலைப்பட்டியல். சுழியோடிக்கு அன்றாடக் கூலி. நால்வரும் தத்தம் கணக்கில் சரியாகவே நடந்தார்கள். கடலின் கணக்கை வைத்திருக்க ஐந்தாவது ஆள் ஒருவர் இருக்கவில்லை. கம்பனி என்பதற்குக் கையொப்பம் உண்டு, முத்திரை உண்டு. தராசுத் தட்டில் ஏற உடல் இல்லை.

இப்போதும் அந்தச் சொல் நாளாந்தம் காதில் விழுகிறது. நுண்கடன் அறவிட வீட்டு வாசலுக்கு வருகின்ற இளைஞரைக் கேட்டால், நான் என்ன செய்வது, கம்பனி சொல்கிறது என்பார். வடக்கில் பெண்கள் பலர் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து அல்லற்பட்டதன் பின்னரே, 2018 இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அந்த இளைஞருக்கும் வேலை தேவை, வீட்டில் தாய் தகப்பன் இருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் விதவையொருத்தியின் வாசலில் இரவு 8 மணி வரை உட்கார்ந்திருப்பது கம்பனி அன்று, அவர்தான். எழுந்து போகவும் அவரால்தான் முடியும்.

2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அதற்கு முன்பு பல மாதங்களாகவே எண்ணெய் இல்லை. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகள் கரையில் கிடந்தன. அந்த நாட்களில் கடற்கரையூர்களில் இருந்தவர்களுக்கு, கலனில் எண்ணெயைப் பதுக்கி நடுச்சாமத்தில் பல மடங்கு விலைக்கு விற்றவர் யார், இருந்ததைப் பகிர்ந்து கொடுத்தவர் யார் என்பது நினைவிருக்கும். கட்டுப்பாட்டு விலையும் சட்டமும் இரு சாராருக்கும் பொதுவாகத்தான் இருந்தன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டப்படி கடையில் பாவிக்கும் தராசும் படிக்கற்களும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை இடப்பட வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது. ஆனால் உத்தியோகத்தர் ஆண்டில் எத்தனை நாள் வரமுடியும்? முத்திரை இட்ட தராசிலும் கையால் செய்யும் வேலை உண்டு. ஈரக் கூடையோடு மீனை நிறுத்துவது, கூடைக்கென்று கழிப்பதில் அரைக் கிலோ கூட்டிக் கழிப்பது, கருவாட்டில் உப்பையும் ஈரத்தையும் விட்டு எடை ஏற்றுவது, நல்லெண்ணெயில் மலிவான எண்ணெயைக் கலப்பது, எழுதப் படிக்கத் தெரியாத கிழவியின் கடன் கொப்பியில் வாங்காத சீனியை எழுதுவது. இவற்றைச் செய்பவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் நல்ல மனிதர்கள். வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர்கள். எல்லோரும் செய்கிறார்கள், செய்யாவிட்டால் தொழில் செய்ய முடியாது என்பதே அவர்களின் விளக்கம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. நேராக நிறுப்பவர் முதல் ஆறு மாதம் நட்டப்படுவார். ஏழாம் மாதம் இலாபம் வரும் என்று உறுதி கூற எவராலும் முடியாது. வராமலும் போகலாம். அமர்நீதியார் தட்டில் ஏறியபோது அது நேராகும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இங்கே கோயிலின் பங்கையும் பேசாமல் விடுவது நேர்மையாகாது. வணிகர் தம் வரவில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கிக் கோயிலுக்குக் கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். நாட்டுக்கோட்டை நகரத்தார் கணக்குப் புத்தகத்திலேயே அதற்கெனப் பற்று வைத்தனர். கடற்றொழிலாளரும் பிடித்த மீனில் கோயிலுக்கொரு பங்கு வைப்பதுண்டு. திருக்கேதீச்சரம் மீண்டும் எழுந்ததும் இவ்வாறான கைகளாலேயே. 1872 இல் ஆறுமுக நாவலர் அறைகூவல் விடுத்தார், 1893 இல் நிலம் வாங்கப்பட்டது, நகரத்தாரும் மற்றைச் சைவ மக்களும் பொருள் கொடுத்தனர். மகமை மிக நல்ல வழக்கம். ஆனால் காலப்போக்கில் அதற்குள் ஒரு தவறான எண்ணம் புகுந்துவிட்டது. சுவாமிக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டால் மீதியைச் சம்பாதித்த வழியைச் சுவாமி கேட்கமாட்டார் என்ற எண்ணம் அது. சுவாமியைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்ட கம்பனி!

ஒரு சம்மாட்டி தேர்த் திருவிழா உபயத்தை ஏற்று மிகச் சிறப்பாகச் செய்கிறார் எனக் கொள்ளலாம். மேளம் இரண்டு கூட்டம், மின்னலங்காரம், அன்னதானம். அதே மாதத்தில் அவருடைய படகில் தொழில் செய்த நான்கு பேருக்குப் பங்குக் காசு மூன்று வாரமாகக் கொடுபடவில்லை. அந்த நால்வரும் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உண்மையில் அந்த அன்னதானத்தின் உபயகாரர் யார்? அவருக்குப் பொன்னாடை போர்த்துகின்ற பரிபாலன சபைக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. சிற்றூரில் எதுவும் மறைவதில்லை. கேட்டால் அடுத்த ஆண்டு உபயம் நின்றுவிடும் என்ற பயமே வாயைக் கட்டுகிறது. பகிரங்கமாகக் கேட்க வேண்டியதில்லை. தனியே அழைத்து, தம்பி, பொடியளின் கணக்கை முடித்துவிட்டு வாரும், திருவிழா எங்கும் ஓடிப்போகாது என்று வயதில் மூத்த ஒருவர் சொல்லலாம். அவர் கோபித்துக்கொண்டு போனால் அவ்வாண்டு ஒரு கூட்டம் மேளத்தோடு சுவாமி வீதி வலம் வருவார். சுவாமிக்கு அதில் குறையில்லை.

கோயிலும் ஒரு கொள்வனவாளர்தான் என்பதை அறங்காவலர்கள் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர். பூக்காரர், பந்தல்காரர், மேளகாரர், அரிசியும் மரக்கறியும் கடனாகக் கொடுத்த கடைக்காரர் ஆகியோரின் பணம் திருவிழா முடிந்து பல மாதங்கள் இழுபடுவது பல ஆலயங்களில் காணக்கூடியது. கோயிற் காசுதானே, பொறுமையாக வாங்கிக்கொள்ளும் என்று சொல்லும்போது, சிறு கடைக்காரரிடமிருந்து வட்டியில்லாக் கடனை அவர் விருப்பம் கேளாமலே எடுத்ததாகிறது. சபை என்ற பெயரும் கம்பனி என்ற பெயரைப் போலவே மறைந்து நிற்க வசதியானது. தலைவர் பொருளாளரைக் காட்டுவார், பொருளாளர் பழைய சபையைக் காட்டுவார். சோழர் காலத்தில் கோயில் தன் காசை வணிகரிடம் நம்பி வைத்தது. இப்போது வணிகரின் காசு கோயிலிடம் நிற்கிறது.

இதற்குப் பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. கொடியேற்றத்துக்கு முன் சென்ற ஆண்டுக் கடன்கள் யாவும் தீர்க்கப்பட வேண்டும். கொள்வனவு ஒவ்வொன்றுக்கும் அதனைச் செய்த அங்கத்தவரின் பெயரும் கையொப்பமும் பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். சபை என்ற முத்திரை மட்டும் போதாது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கும்போது கொடுக்க வேண்டிய பாக்கிகளையும் யாருக்கு எவ்வளவு என்று உரத்து வாசிக்க வேண்டும். கடைக்காரர்களும் அன்று வந்து முன்வரிசையில் இருக்கலாம். அன்றைய கூட்டம் வழமையிலும் சற்று நீண்டு போகும். தேநீருக்கு ஒழுங்கு செய்துகொள்வது நல்லது, அதன் பற்றுச்சீட்டோடு.